இருபத்தோராம் நாள் பயிற்சி

ஜூன் 3, திங்கள்

செண்பகவல்லி இன்று காலை எனக்கு நன்றி சொன்னாள்.

தண்ணீர்க் குடத்தைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தேன். வழக்கமாக, "அதுல இல்ல, அங்கன வைங்க" என்பாள். இன்று என் முகத்தைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க" என்றாள். கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷம். இந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டது ஒரே ஒரு தடவை. மகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நன்றியுரை மனப்பாடம் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து திருத்தினாள், அப்போது.

நான் ஓய்வு பெற்று மூன்று நாள் ஆகிறது. பதினேழு வருஷம் கண்டக்டர், அதன்பிறகு செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் எடுக்காதவனைப் பிடரியை வைத்தே கண்டுபிடிப்பேன். பிடரி விறைத்திருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். இன்னொரு ரகம் உண்டு. நாம் கேட்பதற்கு முன்பே சிரிப்பவன். அவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

செண்பகம் கேட்பதற்கு முன்பே சிரிக்கிறாள்.

வழியனுப்பு விழாவில் பணிமனைத் தோழர்கள் சால்வையோடு இந்த டைரியையும் கொடுத்தார்கள். பாதி வருஷம் ஓடிப்போன டைரியை யாராவது கொடுப்பார்களா? சரி, கொடுத்தார்கள். வீட்டில் நடப்பதைத் தேதி போட்டுக் குறித்து வைக்கப்போகிறேன். பின்னால் யாரும் நான் கவனிக்கவில்லை என்று சொல்லக்கூடாது.

ஜூன் 5, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். அரிசி டிரம்முக்குப் பின்னால், மஞ்சள் பைக்குள், ஒரு புத்தகமும் நாற்பது பக்க நோட்டும்.

புத்தகத்தின் பெயர் 'நிறைவாக வாழ நாற்பது நாட்கள்'. கிளை நூலக முத்திரை குத்தியிருக்கிறது. பின் அட்டையில் ஆசிரியர் கோட்டு போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நம் ஊர் வெயிலில் கோட்டு போட்டவன் பேச்சை நம்பலாமா?

முதல் நாள் பயிற்சி: 'நீங்கள் இதுவரை நன்றி சொல்லாத ஒருவருக்கு இன்று நன்றி சொல்லுங்கள்.' நோட்டில் அவள் எழுத்தில், 'செய்தேன். ஒரு மாதிரி முழித்தார்' என்று இருக்கிறது.

ஆக, நான் ஒரு பயிற்சி. வேறு விபரீதம் ஒன்றும் இல்லை என்று ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

ரேஷன் கடையில் பாமாயில் இல்லை. வெறும் பையோடு சிரித்துக்கொண்டே வந்தாள். பாமாயில் இல்லாததற்கு யார் சிரிப்பார்கள்?

ஜூன் 10, திங்கள்

"காய் வாங்கப் போறேன்" என்று பத்தரைக்குக் கிளம்பினாள். காய்க்கடைக்கு இடப்பக்கம் போக வேண்டும். வலப்பக்கம் போனாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஐம்பதடி விட்டுப் பின்னால் போனேன். இது எனக்குப் பழக்கம்தான்.

நூலகத்துக்குள் போனாள். நான் செய்தித்தாள் மேஜையில் உட்கார்ந்து முகத்துக்கு நேரே பேப்பரை விரித்துக்கொண்டேன். நூலகர் ஒரு சின்னப் பெண், ரெஜினா என்று பெயர்ப் பலகை. இருவரும் ஏதோ பல நாள் சிநேகிதிகள்போலப் பேசினார்கள். செண்பகத்தின் குரல் வீட்டில் இருப்பதைவிட அங்கே சற்றுத் தெளிவாக இருந்தது.

"எதுல நிக்கிய அக்கா இப்போ?"

"எட்டாம் நாளு. சின்ன வயசுல எதுல சந்தோஷமா இருந்தியன்னு எழுதச் சொல்லுதாரு."

"என்ன எழுதுனிய?"

"நான் டீச்சருக்குப் படிச்சவல்லா. டிரெய்னிங்ல ஒரு மாசம் ஒண்ணாங்கிளாஸ் எடுத்தேன். அதத்தான் எழுதினேன். நாப்பது பிள்ளையள், ஒண்ணு விடாம பேரு ஞாபகம் இருக்கு."

"வேலைக்குப் போகலையா அக்கா?"

"அதொரு கதை" என்றாள். கதையை அவள் சொல்வதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன். புழுக்கமாக இருந்தது, மின்விசிறி ஓடவில்லை.

வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டு டேங்க் நிரப்பினேன்.

ஜூன் 11, செவ்வாய்

ரெஜினாவிடம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பாள். எல்லாரிடமும் அவள் சொல்வதுதான். நானும் எழுதி வைக்கிறேன், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து, 1990இல் தூத்துக்குடி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவை விட்டாலும் பதிவு மூப்பு போய்விடும், கடைசி ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். அவள் தம்பி இசக்கிராஜ் அப்போது தூத்துக்குடியில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தான். '93இல் புதுப்பிக்கிற பொறுப்பை அவனிடம் விட்டிருந்தாள். அவன் மறந்துவிட்டான். பின்னால் பதிந்த சிநேகிதிக்கெல்லாம் '96இல் ஆர்டர் வந்தது, இவளுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை. இருபத்தெட்டு வருஷம். அவர்கள் அப்பா இறந்தபோது இருவரும் ஒரே பந்தலில் இரண்டு மூலையில் நின்றார்கள். சான்றிதழ்களை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள், அப்புறம் வேலைக்கு முயல்வதையே விட்டுவிட்டாள்.

அவ்வளவுதான் கதை.

ஜூன் 14, வெள்ளி

அவள் மாவு அரைக்கப் போகும் நேரத்தில் புத்தகத்தை எடுத்துப் படிக்கிறேன். அவளுக்கு நாலு நாள் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். முன்னால் போகிற வண்டியில் ஏறினால்தான் பின்னால் வருகிறவனைப் பிடிக்க முடியும்.

எல்லாம் தெரிந்த விஷயம்தான். காலையில் எழு, பிறரைப் பற்றிக் குறை சொல்லாதே, ஒரு வேலையைச் செய்யும்போது அதை மட்டும் செய். இதைச் சொல்ல ஒரு கோட்டு வேண்டுமா? ஆனாலும் பதினாறாம் நாள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு, வேறு எதையும் நினைக்காமல், ஒரு வாழைப்பழத்தைப் பத்து நிமிஷம் தின்று பார்த்தேன். மோசமில்லை.

செண்பகம் வந்து, "என்ன, பல்லு வலிக்கா?" என்று கேட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

அடுக்களைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்றினேன். இன்னும் சொட்டுகிறது.

இன்று படித்தது இருபத்தோராம் நாள். படித்திருக்க வேண்டாம்.

'உங்கள் வாழ்க்கையைத் தடம் மாற்றிய ஒருவர் மீது உங்கள் மனதில் கசப்பு இருக்கும். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். முழுவதையும் எழுதுங்கள். கடைசியில் மன்னித்தேன் என்று எழுதி, நேரில் போய் அவர் கையில் கொடுங்கள்.'

யாருக்கு எழுதுவாள்?

குழாய்க்காரனை வரச் சொல்ல வேண்டும்.

ஜூன் 20, வியாழன்

இரண்டு நாளாகக் கவனிக்கிறேன். சோறு போடும்போது கூடுதலாக ஒரு கரண்டி வைக்கிறாள். நேற்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, தலை நரைச்சுப் போச்சு உங்களுக்கு" என்றாள். குற்றவாளிக்குக் கடைசி நாளில் நல்ல சாப்பாடு போடுவார்கள் என்று சொல்வார்கள்.

ஏதாவது தெரிந்திருக்குமோ? தெரிவதற்கு ஒன்றும் இல்லை. காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது.

ஜூன் 22, சனி

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நாலு பக்கத்தைச் சோற்றால் மறைக்கலாம் என்று நான் நினைத்தேன்.

காலையில் அவள் குளிக்கப் போனதும் பழைய சோற்றில் நாலு பருக்கையை நசுக்கி, இருபத்தோராம் நாள் வருகிற பக்கங்களை ஓரத்தில் ஒட்டிவிட்டேன். இருபதிலிருந்து நேரே இருபத்திரண்டுக்குப் போய்விடுவாள் என்று கணக்கு. மேலே அம்மிக்குழவியை அரைமணி நேரம் ஏற்றி வைத்தேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அரசாங்கச் சொத்து. பஸ் சீட்டைக் கிழித்த பையன்களை நான் எத்தனை பேரைப் போலீஸ் ஸ்டேஷனில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

"ஏங்க, இங்க வாங்க. யாரு பாத்த வேலையோ, லைப்ரரி புஸ்தகத்தப் பசை போட்டு ஒட்டி வச்சிருக்கு."

நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சின்னப் பிள்ளையள் பண்ணியிருக்கும்."

"பெரியவங்க பொஸ்தகத்தச் சின்னப் பிள்ளையளா எடுக்கும்?"

இட்லிச் சட்டியைத் திறந்து, வந்த ஆவியில் அந்தப் பக்கங்களைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் பொறுத்து, கத்தி முனையை நுழைத்து மெதுவாகப் பிரித்தாள். ஒரு எழுத்துகூடச் சிதையவில்லை. பயிற்சிப் பள்ளியில் படம் ஒட்டி எடுக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்போல.

"சோத்துப் பசை" என்றாள், விரலில் உருட்டிப் பார்த்து. என் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள். இட்லி ஆறிப்போயிற்று, அவள் நகரவில்லை.

ஜூன் 24, திங்கள்

சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் படுக்காமல், கூடத்தில் தரையில் உட்கார்ந்து எழுதினாள். நாலு பக்கம். நடுவில் இரண்டு தடவை மூக்கைச் சிந்தினாள். நான் தூங்குவதுபோலக் கிடந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

தேடினேன். அரிசி டிரம், தலையணை உறை, சாமி படத்துக்குப் பின்பக்கம், பருப்பு டப்பா, டிரங்குப் பெட்டி. கிடைக்கவில்லை.

ஜூன் 26, புதன்

கிடைத்தது. புடவை அடுக்கில், கல்யாணப் பட்டுக்கு அடியில்.

'அன்புள்ள தம்பி இசக்கிராஜுக்கு' என்று ஆரம்பிக்கிறது.

எனக்கு இல்லை! எனக்கு இல்லவே இல்லை! உட்கார்ந்துவிட்டேன். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று சத்தமாகவே சொன்னேன். மத்தியானம் இரண்டாம் தடவை ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ஒரு இடத்தை மட்டும் இங்கே எடுத்து எழுதி வைக்கிறேன்.

'நீ மறந்துட்டே, அவ்வளவுதானே. இருபத்து மூணு வயசுல யாருதான் மறக்கல. ஒரு மறதிக்கு நான் உனக்கு இருபத்தெட்டு வருஷம் தண்டனை கொடுத்திருக்கேன். உன் கல்யாணத்துக்கு வரல. உன் பிள்ளைங்க முகம் எனக்குத் தெரியாது. நான் உன்னை மன்னிச்சிட்டேன். நீதான் என்னை மன்னிக்கணும்.'

நல்ல கடிதம். பிழை ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம்

அவன் மறக்கவில்லை.

இந்த வரியை அடித்துவிடலாம் என்று பேனாவை வைத்தேன், அடிக்கவில்லை. யார் படிக்கப்போகிறார்கள். அவன் '93இல் போய் வரிசையில் நின்று முத்திரை குத்தி வாங்கினான். அந்தப் பதிவு அட்டையை என் கண்ணால் பார்த்தேன். ஊதா முத்திரை.

ஜூன் 28, வெள்ளி

"ஞாயித்துக்கிழமை தூத்துக்குடிக்குப் போவோமா?" என்றாள்.

"அங்க என்ன இருக்கு?"

"என் தம்பி இருக்கான்."

முட்டி வலி என்றேன். பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்றேன். இத்தனை வருஷம் கழித்துப் போய் நின்றால் அவன் வாசலில் வைத்து அவமானப்படுத்துவான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன்" என்றாள்.

தனியாக விட முடியாது. அவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசினால் பேச்சு எங்கெங்கோ போகும்.

ஜூன் 30, ஞாயிறு

எட்டு மணி வண்டி. ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதத்தைப் பையோடு மார்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். எட்டயபுரம் தாண்டிய பிறகு, "அவனுக்கு இப்ப முடி இருக்குமா?" என்று கேட்டாள்.

இசக்கிராஜ் வீடு கடற்கரைப் பக்கம். பட்டறையும் வீடும் ஒன்றாக இருக்கிறது. வாசலில் குனிந்து ஏதோ எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான். முடி இல்லை. அக்காவைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். 

உள்ளே உட்கார வைத்தார்கள். அவன் மனைவி கலர் சோடா வாங்கிவர ஓடினாள். செண்பகம் வேறு பேச்சே பேசாமல் கடிதத்தை எடுத்து நீட்டினாள். "வாசி" என்றாள்.

கைக் கிரீஸைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினான். அவன் அதிகம் படித்தவன் இல்லை. ஒவ்வொரு வரியாக, உதட்டை அசைத்துப் படித்தான். நான் அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தலையைத் தூக்குவான், "நான் எங்க மறந்தேன்? முத்திரை குத்துன அட்டைய அத்தான் கையில குடுத்தேனே" என்று சொல்வான். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அதைத்தான் கத்தினான். இன்றைக்கு அவள் கேட்கக்கூடிய மனநிலையில் வந்திருக்கிறாள். 

நாலாம் பக்கம் முடிந்தது. கடிதத்தை மடித்தான்.

"ஆமாக்கா" என்றான். "அன்னைக்கு துறைமுகத்துல வேலை ஜாஸ்தி. மறந்துட்டேன். நாந்தான் மறந்துட்டேன்."

செண்பகம் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒத்துக்கிட்டா என்னல அப்பவே? ஒத்துக்கிட்டிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேம்ல?" என்று முதுகில் அடித்தாள். அவனும் அழுதான்.

அவன் என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் சீலா மீன் குழம்பு. "அத்தானுக்கு இன்னொரு துண்டு வை" என்று மனைவியிடம் சொன்னான். என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது பஸ் ஏறும்போதுதான். மக்ரூன் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, "அக்கா சிரிச்சுப் பாத்து எம்புட்டு நாளாச்சு அத்தான்" என்றான். அப்போதும் பொட்டலத்தைத்தான் பார்த்தான்.

ஜூலை 1, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 3, புதன்

தம்பியோடு தினமும் போனில் பேசுகிறாள். அவன் பிள்ளைகளின் பிறந்தநாளை நோட்டில் குறித்துக்கொண்டாள். ரெஜினா ஒரு வேலை கொடுத்திருக்கிறாளாம். சனிக்கிழமைதோறும் நூலகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்ட வேண்டும். சம்பளம் கிடையாது. டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய பட அட்டைகளைத் துடைத்து வெயிலில் காயவைத்தாள். பிள்ளைகளுக்கு யானை மாதிரி நடந்து காட்டப்போகிறேன் என்று அடுக்களையில் நடந்து பார்த்தாள். ஐம்பத்தைந்து வயசு.

சாப்பிடும்போது சொன்னாள்: "ஒண்ணு சொல்லட்டுமா? அவன் மறந்ததும் நல்லதுக்குத்தாம் போல. வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் அலுத்துப் போயிருக்கும். இப்ப புதுசா ஆசையா இருக்கு. எதது எப்ப நடக்கணுமோ அப்பத்தான் நடக்கும். முப்பதாம் நாள்ல அதத்தான் போட்டிருக்கு."

நான் சந்தோஷப்பட வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக நான் பயந்த விஷயம் இன்று முடிந்துவிட்டது. அவளே அதற்கு மூடிபோட்டு, மேலே பூவும் வைத்துவிட்டாள்.

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

ஜூலை 5, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்தேன். "இசக்கிராஜ் மறக்கல" என்றேன். அவள், "என்ன?" என்றாள். அப்புறம் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று தெரியும்.

'96 செப்டம்பரில் அவள் பேருக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. இரவு டியூட்டி முடித்து வந்தபோது தபால்காரர் தெருமுனையில் வைத்து என் கையில் கொடுத்தார். சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லி எழுதியிருந்தது. கண்டக்டர் பையில் போட்டேன். மறுநாள் கயத்தாறு தாண்டும்போது கிழித்துப் பின்வாசல் வழியாகப் பறக்கவிட்டேன். மூன்று மாசம் கழித்து அவள் சிநேகிதிக்கு வேலை கிடைத்தது தெரிந்து, "என்னன்னு விசாரிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினாள். தூத்துக்குடிக்குப் போனேன், இசக்கிராஜிடம் பதிவு அட்டையை வாங்கினேன். அலுவலகத்துக்குப் போகவில்லை. கடற்கரையில் உட்கார்ந்து அட்டையையும் கிழித்தேன். திரும்பி வந்து, '93இல் உன் தம்பி புதுப்பிக்கவில்லையாம், அட்டையை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன்.

அவள் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது. காம்பும் இலையும் ஒன்றாக விழுந்தது.

"எதுக்கு?" என்றாள்.

பிள்ளைக்கு அப்போது இரண்டு வயசு என்றேன். எங்கம்மா படுக்கையில் கிடந்தாள், வேலையைத் தர்மபுரிப் பக்கம் போட்டிருப்பார்கள் என்றேன். எல்லாம் உண்மை. ஆனால் அவள் கேட்டது அதை இல்லை. "எதுக்கு?" என்று இன்னொரு தடவை கேட்டாள்.

"பணிமனையில மாரியப்பன்னு ஒருத்தன் இருந்தான். அவன் பொண்டாட்டி டீச்சர். யாரும் அவனப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. டீச்சர் வீட்டுக்காரர்ம்பாங்க" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே கேவலமாக இருந்தது. இவ்வளவு சின்ன விஷயமா? இவ்வளவு சின்ன விஷயம்தான்.

செண்பகம் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். போனை எடுத்து என் முன்னால் வைத்தாள். "எங்கிட்ட சொன்னத அப்படியே அவங்கிட்ட சொல்லுங்க. ஒரு எழுத்து குறையக் கூடாது."

ஸ்பீக்கரில் போட்டாள். சொன்னேன். இசக்கிராஜின் பட்டறையில் எஞ்சின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும், "எனக்கு அன்னைக்கே தெரியும் அத்தான்" என்றான். "அட்டை உங்க கையிலதான குடுத்தேன். ஆபீஸ்ல போய்க் கேட்டேன். அங்க யாரும் வாங்கி வைக்கல, அழைப்புக் கார்டு அனுப்பியாச்சுன்னு சொன்னாங்க. அதுக்குப் பிறகுதான் கத்துறத நிறுத்திட்டேன். அக்கா உங்க வீட்டுல வாழணும்லா. பொண்ணக் குடுத்தவன் நான் எப்படி மாப்பிள்ளையப் பொய்யன்னு சொல்ல?"

நான் தலையைத் தொங்கப்போட்டேன். செண்பகம் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"ஏல, நான் எப்படி வாழணும்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டியளோ?"

அந்தப் பக்கம் எஞ்சினை நிறுத்திவிட்டான்.

"அக்கா..." என்றான்.

"வை" என்றாள்.

ஜூலை 6, சனி

நூலகத்துக்குப் போனாள். போகமாட்டாள் என்று நினைத்தேன். பட அட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

கீரை நேற்றுக் கிடந்தபடியே வாடிக் கிடந்தது. நான் எடுத்துப்போட்டேன்.

ஜூலை 8, திங்கள்

புத்தகம் கூடத்து அலமாரியில் வெளிப்படையாக இருக்கிறது. நாற்பதாம் நாள்வரை புரட்டிப் பார்த்தேன். இப்படிப்பட்டவனை என்ன செய்ய வேண்டும் என்று அதில் எந்த நாளிலும் போடவில்லை. அவளும் முப்பத்திரண்டாம் நாளோடு நிறுத்திவிட்டாள்போல. நோட்டில் அதற்கு மேல் எழுத்து இல்லை.

நேற்றுத் தம்பிக்கு அவளாகவே போன் செய்தாள். முதலில் திட்டினாள், பிறகு அவன் மகள் படிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள். அவனோடு சண்டை போட்டு முடிக்க முடிகிறது. என்னோடு சண்டையே போடவில்லை. காபி கொடுக்கிறாள், சோறு போடுகிறாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

இப்போது அவள் கேட்கிறாள்.

முந்தாநாள் துணி மடித்துக்கொண்டே, "எங்க சின்னம்மை மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வரலைன்னு சொன்னியளே, நெசமாவே வரலையா?" என்றாள். நிஜமாகவே வரவில்லை. சொன்னேன். நேற்று, "பாப்பாவ டவுன் பள்ளிக்கூடத்துல சேக்க இடம் இல்லைன்னு சொன்னது?" என்றாள். இடம் இருந்தது, எனக்குத்தான் தூரம் என்று தோன்றியது. அதையும் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

இன்று காலை சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை நீருக்குள் வைத்தபடியே நின்றுவிட்டாள்.

"ரெண்டாவது தங்காமப் போச்சே, அப்ப டாக்டரம்மா உங்களத் தனியாக் கூப்புட்டுப் பேசுனாங்க. வெளிய வந்து, ஒண்ணுமில்ல, ரெஸ்ட் எடுக்கச் சொல்லுதாங்கன்னு சொன்னிய. அப்புறம் எனக்குத் தரிக்கவே இல்ல. அவங்க அவ்வளவுதான் சொன்னாங்களா?"

அவ்வளவுதான் சொன்னார்கள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ஒரு மாசம் குனிந்து நிமிரக் கூடாது என்றார்கள். வேறு ஒரு சொல் இல்லை. அன்றைக்கு நானும் அந்த ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். அதை அவளிடம் சொன்னதில்லை.

"அவ்வளவுதான் சொன்னாங்க செண்பகம். சத்தியமா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முப்பத்து நாலு வருஷம் பயணிகள் முகத்தில் அதைப் போட்டிருக்கிறேன், என் முகத்தில் விழுந்தது இதுதான் முதல் தடவை. நல்லவேளை, அழுததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அரிசியை உலையில் போட்டாள். நாளைக்கும் ஒன்று கேட்பாள். நாளைக்கும் உள்ளதைத்தான் சொல்லப்போகிறேன்.